"யோகா வேண்டாம்" என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டு

1/
ஜூன் மாதம் பிறந்தாலே என் ஓ.பி.யில் ஒரு புது வரிசை சேர்ந்துவிடும். பள்ளி திறக்கும் நேரம், கூடவே ஜூன் 21 யோகா தினம். "மேடம், பிள்ளையை யோகா கிளாஸ்ல சேர்க்கப் போறோம், ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேக்குறாங்க"ன்னு வந்து நிப்பாங்க. நெஞ்சில் ஸ்டெத் வைத்து, இரண்டு கேள்வி கேட்டு, 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். ஒரு நிமிட வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அதே ஒரு நிமிடத்தில் நான் எழுதிய ஒரு சீட்டைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
அக்கா, தங்கை. அக்காவுக்கு 11 வயசு, தங்கைக்கு 9. தங்கை குறைமாசத்தில் பிறந்தவள். மூளை முடக்குவாதம், அதாவது செரிப்ரல் பால்சி. இரண்டு காலிலும் விறைப்பு. ஸ்ப்ளின்ட் போட்டுக்கொண்டு வாக்கர் பிடித்து நடப்பாள். கை நல்லா இருக்கு. படிப்பில் கெட்டி. வாய் அதைவிடக் கெட்டி.

ரெண்டு பேரையும் ஒரே வகுப்பில் சேர்க்க அம்மா கூட்டிட்டுப் போயிருக்காங்க. மாஸ்டர் பெரியவளை உடனே சேர்த்துக்கிட்டார். சின்னவளைப் பார்த்துட்டு, "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடுங்கம்மா"ன்னு சொல்லிட்டார்.

அன்னைக்கு வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. நான் யோசிக்கவே இல்லை. 'நாட் ஃபிட் ஃபார் யோகா'. நாலே வார்த்தை. அம்மா ஒண்ணும் கேக்கல. சீட்டை மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

3/
ஆறேழு மாதம் கழித்து காய்ச்சல்னு அதே பிள்ளையைக் கூட்டிட்டு வந்தாங்க. பேச்சுவாக்கில் "சாயங்காலம் என்ன பண்ணுவே?"ன்னு கேட்டேன்.

"அக்கா யோகா முடியற வரைக்கும் கீழ மாடிப்படியில உக்காந்திருப்பா மேடம்" என்றார் அம்மா. "ரெண்டு பேரையும் தனித்தனியா விட முடியாது, அதான். எல்லாரும் செருப்பு அங்கதான் விடுவாங்க. எது யாரோட செருப்புன்னு ஒண்ணுவிடாம சொல்லுவா."

பிள்ளை குறுக்கே புகுந்தாள். "நான் சும்மா இல்ல மேடம். மாஸ்டர் சொல்றது கீழ கேக்கும். கையைத் தூக்குன்னா தூக்குவேன். மூச்சை இழுன்னா இழுப்பேன். காலு சொல்றப்போ மட்டும் விட்டுருவேன்."

நான் 'நாட் ஃபிட்' என்று எழுதிய பிள்ளை, ஆறு மாதமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த வகுப்பைப் பாதிக்கு மேல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். யார் உதவியும் இல்லாமல்.

4/
நான் எங்கே தப்பு செய்தேன்? 'யோகா' என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மனசுக்குள் வந்தது சிரசாசனம். காலை விரித்து நிற்கும் வீரபத்ராசனம். அந்தப் படத்தில் இந்தப் பிள்ளையைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை, 'வேண்டாம்' என்று எழுதிவிட்டேன்.

அந்த வகுப்பில் என்னதான் சொல்லித் தர்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. மாஸ்டருக்கு ஒரு போன் போட்டேனா? இல்லை. பிள்ளையிடமாவது கேட்டேனா? அதுவும் இல்லை.

"இந்தப் பிள்ளையால முடியுமா?" என்று கேட்டால் 'முடியும்', 'முடியாது' ரெண்டே பதில்தான். "இந்தப் பிள்ளை எப்படிச் செய்யும்?" என்று கேட்டால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறோம். இந்த இழையில் நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான்.

5/
இது யோகா வகுப்போட மட்டும் நிற்கிற விஷயம் இல்லை. உங்க பள்ளிக்கூட நாட்களை நினைச்சுப் பாருங்க. பி.டி. பீரியட்ல எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடுவோம். கால் முடியாத பிள்ளை கிளாஸ்ல பைக்கு காவல் இருக்கும். "நீ பாத்துக்கோப்பா, யாரும் எடுத்துறக் கூடாது." யாரும் கெட்ட எண்ணத்துல சொன்னதில்லை. அந்தப் பிள்ளையும் தலையாட்டும். பத்து வருஷம் தலையாட்டிப் பழகினவன், பெரியவனானதும் "நமக்கு எதுக்குங்க இதெல்லாம்"னு தானே ஒதுங்கிக்குவான்.

6/
சட்டம் என்ன சொல்லுது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும், பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, படிப்போடு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. ஆக, பி.டி. பீரியடும் பள்ளி யோகா வகுப்பும் அந்தப் பிள்ளைக்கு யாரோ செய்யும் சலுகை இல்லை.

தெருமுனையில் மாடி ஹாலில் நடக்கும் தனியார் வகுப்புக்கு? அதுக்குச் சட்டப் புத்தகம் வரைக்கும் போக வேண்டாம். மனசாட்சி போதும்.

7/
"யோகாவைப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாத்தினா அது யோகாவே இல்லை"ன்னு சிலர் சொல்றாங்க. அவங்களுக்கு ஒரு தகவல்.

சென்னையில் வாழ்ந்து கற்றுக்கொடுத்த டி. கிருஷ்ணமாச்சாரியார், அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் ரெண்டு பேருமே வலியுறுத்தியது, யோகாவை ஆளுக்குத் தக்கபடி அமைக்கணும் என்பதைத்தான். 1976இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த வழியில் வந்தது. கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார். கட்டை, பெல்ட், நாற்காலி, மடிச்ச போர்வை எல்லாம் ஆசனத்துக்குத் துணையாக உலகம் முழுக்கப் பரவியது அவரால்தான். அவரே சின்ன வயசில் நோஞ்சான் பிள்ளை.

அமெரிக்காவில் மேத்யூ சான்ஃபோர்ட் என்பவர் 13 வயசில் கார் விபத்தில் மார்புக்குக் கீழே செயலிழந்தார். இப்போ அவர் வீல்சேரில் இருந்தபடியே யோகா கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்.

பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணமும் நிலையா, சுகமா இருக்கணும் என்பதுதான். கால் எத்தனை டிகிரி விரியணும்னு அவர் அளவு சொல்லலை.

8/
சரி, 'எல்லாரையும் சேர்த்த வகுப்பு' என்றால் என்ன? முதல்ல எது இல்லைன்னு சொல்லிடறேன்.

மூலையில் நாற்காலி போட்டு "நீ பாத்துக்கிட்டே இரு கண்ணு" என்பது இல்லை.

யோகா தினத்தன்று மட்டும் மேடையேத்தி, வீல்சேரில் கும்பிட வெச்சு, போட்டோ எடுத்துப் போடுவது இல்லை.

'ஸ்பெஷல் பேட்ச்' என்று எல்லாரையும் பிரிச்சு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைப்பதும் இல்லை. சில பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுப்பது தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனா கதவு ரெண்டு பக்கமும் திறக்கணும். தனி வகுப்பில் பழகின பிள்ளை பொது வகுப்புக்கு வர வழி இருக்கணும்.

அதே நேரம், அதே தரை, அதே ஆசனத்தின் பெயர். செய்யும் விதம் மட்டும் வேறு. இதுதான் சேர்த்துக்கொள்வது.

9/
உதாரணம் சொன்னா புரியும்.

தாடாசனம். முதுகு நிமிரணும், எடை ரெண்டு பக்கமும் சமமா இறங்கணும், மூச்சு சீரா போகணும். இதுக்கு நின்னே ஆகணுமா? வீல்சேரில் பின்னால் சாயாமல் நிமிர்ந்து, இரண்டு புட்டத்திலும் சமமாக உட்கார்ந்து, பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி, கையை மேலே தூக்கினாலும் அது தாடாசனம்தான்.

விருட்சாசனம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் காலில் நிற்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாதத்தை இன்னொரு கணுக்கால் மேல் வைத்து, கையைக் கிளையாக விரிக்கலாம்.

பூனை - மாடு. மண்டியிட முடியாதா? நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் கை வைத்து, முதுகை வளைச்சு நிமிர்த்தினா போதும்.

சவாசனம். காலில் விறைப்பு உள்ள பிள்ளை நேராகப் படுத்தால் உடம்பு இன்னும் முறுக்கிக்கலாம். முழங்காலுக்குக் கீழே தலையணை வை. இல்லன்னா ஒருக்களிச்சுப் படுக்க விடு.

10/
இங்க ஒரு சின்ன வித்தை. மாத்திச் செய்யும் முறையை அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லாதீங்க. "இன்னைக்கு எல்லாரும் நாற்காலியில மரம் பண்ணுவோம்"னு மொத்த வகுப்பையும் உட்கார வைங்க. நாளைக்கு எல்லாரும் சுவரோரம். அப்புறம் யாருக்கு எது வசதியோ அதை எடுத்துக்குவாங்க. கால் சுளுக்கினவன், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவள், பயந்த சுபாவம் உள்ளவன் எல்லாருக்கும் அது உதவும்.

"முழு ஆசனம் இது, முடியாதவங்க இப்படிப் பண்ணுங்க" என்று சொல்லாதீங்க. "இதுக்கு மூணு வழி இருக்கு, எது வேணும்?" என்று சொல்லிப் பாருங்க. வகுப்பே மாறிடும்.

11/
இப்போ மருத்துவராகச் சில எச்சரிக்கைகள். சேர்த்துக்கோங்கன்னு சொல்லிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் அது பொறுப்பற்ற பேச்சு. மாஸ்டர்கள் இந்தப் பகுதியைச் சேமிச்சு வெச்சுக்கோங்க.

முதலில் டவுன் சிண்ட்ரோம். இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்வா இருக்கும். "ரப்பர் மாதிரி வளையுறான் மேடம்"னு மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். அங்கதான் ஆபத்து. சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலும் அந்தத் தளர்வு இருக்கும். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், குட்டிக்கரணம், கழுத்தை அழுத்தி மடக்குவது எதுவும் வேண்டாம்.

கழுத்து வலி, கழுத்து ஒரு பக்கமா திரும்பியே இருப்பது, நடையில் மாற்றம், கையில் பலம் குறைவது, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் திரும்ப ஆரம்பிப்பது. இதில் எது தெரிந்தாலும் வகுப்பை நிறுத்திட்டு உடனே டாக்டரிடம் காட்டணும்.

12/
வலிப்பு நோய். ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது பிள்ளையை மூணு நிமிஷம் வேகமா மூச்சு விடச் சொல்லுவோம். ஏன் தெரியுமா? 'ஆப்சென்ஸ்' என்ற வகை வலிப்பு அப்படி மூச்சு விட்டால் தூண்டப்படும். பிள்ளை சில விநாடி அப்படியே வெறிச்சுப் பார்த்துட்டு நிற்கும், அதுதான் அந்த வலிப்பு. நாங்க லேபில் வேண்டுமென்றே செய்வதை, கபாலபாதி, பஸ்திரிகா என்று வகுப்பில் தெரியாமல் செய்துவிடக் கூடாது. வலிப்பு இருக்கும் பிள்ளைக்கு வேகமான மூச்சுப் பயிற்சி வேண்டாம். மெதுவான, இயல்பான மூச்சு போதும்.

இன்னொண்ணு. வகுப்பில் வலிப்பு வந்தால் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பக்கத்தில் இருக்கும் பொருளை விலக்குங்க, நேரம் பாருங்க. வாயில் எதையும் திணிக்காதீங்க. கையில் சாவி, இரும்பு கொடுக்கிற வேலையும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

13/
செரிப்ரல் பால்சி. விறைப்பான தசையை வெடுக்குன்னு இழுத்தால் அது இன்னும் இறுகும். மெதுவா, மூச்சு விடும் வேகத்தில்தான். முதுகில் ஏறி அழுத்துவது, காலைப் பிடிச்சு விரிப்பது கூடவே கூடாது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இடுப்பு மூட்டு நழுவும் வாய்ப்பு உண்டு. "கொஞ்சம் வலிச்சாத்தான் பலன்" என்ற பேச்சே இங்கே எடுபடாது. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தால் முதுகு கூன் விழுந்தால், ஒரு திண்டு போட்டு உயரமா உட்கார வைங்க. நிமிர்ந்துடுவாங்க.

ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகெலும்புப் பிளவு. இவங்களுக்கு லேடெக்ஸ் ரப்பர் அலர்ஜி அதிகம். மூச்சுப் பயிற்சின்னு பலூன் ஊதச் சொல்லுவோம், ரப்பர் பேண்ட் இழுக்கச் சொல்லுவோம். லேடெக்ஸ் இல்லாததா பாருங்க. காலில் உணர்ச்சி குறைவா இருக்கும். மொட்டை மாடித் தரை சுட்டாலும் தெரியாது, உரசிப் புண்ணானாலும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் பாதத்தை ஒருமுறை பார்க்கணும். தலையில் ஷன்ட் வைத்திருந்தால், தலைகீழ் ஆசனத்துக்கு முன் நரம்பியல் அறுவை நிபுணரைக் கேட்கணும்.

14/
டூஷென் தசைச்சிதைவு. "இன்னும் பத்து தடவை"ன்னு விரட்டவே கூடாது. அசந்துபோகும் வரை செய்தால் தசை சேதமாகும். மறுநாள் கடும் வலி, கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

எலும்பு எளிதில் முறியும் நோய் இருந்தால் முன்னால் மடங்குவது, முறுக்குவது வேண்டாம். யாரும் பிடித்து இழுக்கவே கூடாது.

இதய நோய் இருந்தால் மூச்சை அடக்கும் கும்பகம், தலைகீழ் ஆசனம் எல்லாம் இதய மருத்துவர் சொன்ன பிறகுதான். கண்ணில் குளுக்கோமா இருந்தால் தலை கீழே போகும் எதுவும் கண் அழுத்தத்தைக் கூட்டும். தவிர்க்கணும்.

பட்டியல் நீளமா தெரியுதா? கவனிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணிலும் 'வேண்டாம்' என்பது சில ஆசனங்கள்தான், சில முறைகள்தான். வகுப்பே வேண்டாம் என்று எதிலும் இல்லை.

15/
ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தடை உடம்பில் இல்லை, ஹாலில் இருக்கு. ஊதுபத்தி வாசனை, இருபது பேர் சேர்ந்து 'ஓம்' சொல்லும் எதிரொலி, கிறீச்சிடும் ஃபேன், யாரோ திடீர்னு தோளைத் தொடுவது. நமக்குச் சாதாரணம். அந்தப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் நாலு பேர் காதில் கத்துற மாதிரி.

இன்னைக்கு என்னென்ன செய்யப்போறோம்னு ஆசனப் படங்களை வரிசையா சுவரில் ஒட்டுங்க. முடிச்சதைத் திருப்பி வைங்க. பாய் தினமும் ஒரே இடத்தில். "மரமா மாறு"ன்னா சில பிள்ளைகளுக்குக் குழப்பம். "வலது காலைத் தூக்கு"ன்னு நேரா சொல்லுங்க. கண்ணை மூட வற்புறுத்தாதீங்க. தாங்கலைன்னா போய் உட்கார ஒரு அமைதியான மூலை இருக்கட்டும். அது தண்டனை மூலை இல்லை, அவன் விரும்பிப் போய்த் திரும்பி வரும் மூலை.

16/
காது கேளாத பிள்ளைக்கு, கண்ணை மூடச் சொன்ன நொடியில் வகுப்பு முடிஞ்சுபோச்சு. உங்க குரல் கேக்காது, மற்ற பிள்ளைகள் எழுந்ததும் தெரியாது. சவாசனம் முடிந்ததும் லைட்டைப் போடுவோம்னு முன்னாடியே ஒரு அடையாளம் பேசி வெச்சுக்கோங்க. திரும்பி நின்னு பேசாதீங்க, உதடு தெரியணும். காதுக்கருவி தரையில் அழுந்தினால் கீச்சிடும், அதுக்காக அதட்டாதீங்க.

பார்வை இல்லாத பிள்ளையிடம் "இப்படிப் பண்ணு, அப்படித் திருப்பு" என்றால் என்ன புரியும்? "வலது உள்ளங்கையை இடது முழங்கால் மேல் வை" என்று முழுசா சொல்லணும். நிஜத்தைச் சொன்னா, இப்படிச் சொல்லிப் பழகின மாஸ்டரிடம் எல்லாப் பிள்ளைகளுமே நல்லா கத்துக்குது.

17/
தொடுவதைப் பற்றித் தனியாச் சொல்லணும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை நாம் எல்லாரும் கேட்காமலே தொடுகிறோம். டாக்டர், பிசியோ, பஸ்ஸில் தூக்கிவிடும் ஆள், பக்கத்து வீட்டுக்காரர். தன் உடம்பை யார் வேணா கையாளலாம் என்று அந்தப் பிள்ளை பழகிப்போகுது. அது எவ்வளவு ஆபத்துன்னு நான் விளக்க வேண்டியதில்லை.

"கையை நான் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்க. பேச முடியாத பிள்ளையானாலும் கேளுங்க. தலையசைவுக்குக் காத்திருங்க. 'வேண்டாம்'னா விட்டுடுங்க. யோகா வகுப்பு ஒரு பிள்ளைக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பாடம் இதுவாகவே இருக்கலாம்.

18/
இப்போ அடுத்த பக்கம். "ஆறே மாசத்துல ஆட்டிசம் சரியாகும்", "யோகாவில் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாம்" என்று விளம்பரம் செய்றவங்க இருக்காங்க. நம்பாதீங்க. யோகா ஆட்டிசத்தையோ செரிப்ரல் பால்சியையோ டவுன் சிண்ட்ரோமையோ குணப்படுத்தாது. இதில் வந்திருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. உடல் வளைவு, சமநிலை, தூக்கம், பதற்றம் குறைவது இவற்றில் சில பிள்ளைகளுக்கு உதவலாம். அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பிசியோதெரபிக்குப் பதிலா யோகா என்பதும் தப்புக் கணக்கு.

இன்னொரு கேள்வி. அக்கா எதுக்காக யோகா போறா? எந்த நோய் குணமாக? ஒண்ணுமில்லை. பிடிச்சிருக்கு, போறா. தங்கை போறதுக்கு மட்டும் ஏன் ஒரு மருத்துவக் காரணம் வேணும்? அவளுக்கும் பிடிச்சிருக்கு. அது போதாதா?

19/
மாஸ்டர்கள் கேட்கும் நியாயமான கேள்வி: "இருபத்தஞ்சு பிள்ளைங்க, நான் ஒருத்தன். எப்படி மேடம்?"

உண்மையிலேயே கஷ்டம்தான். வகுப்பைச் சின்னதாக்கணும், இல்லன்னா ஒரு உதவியாளர் வேணும். சேரும் முன் பெற்றோரோடும் பிள்ளையோடும் தனியா கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்க. எது பிடிக்கும், எது பயம், வலிச்சா எப்படிச் சொல்லும், டாய்லெட் போக உதவி வேணுமா. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவையோ அண்ணனையோ சம்பளம் இல்லாத உதவியாளா ஆக்கிடாதீங்க. அந்தப் பிள்ளையும் தனக்காக வந்திருக்கு.

"மத்த பெற்றோர் ஒத்துக்க மாட்டாங்க" என்பது அடுத்தது. சிலர் முணுமுணுப்பாங்க. நீங்க உறுதியா நின்னா ரெண்டு வாரத்தில் அடங்கிடும். பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள்கூட ஆகாது.

20/
"ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?" இந்தப் பயத்தில்தான் மாஸ்டர் சீட்டு கேட்கிறார். அதே பயத்தில்தான் டாக்டர் 'வேண்டாம்' என்று எழுதுகிறார். ரெண்டு பேரும் பயத்தைக் கைமாத்தி விடுறோம். கடைசியில் அது போய் விழுவது ஒரு பிள்ளையின் மடியில்.

சக மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள். 'ஃபிட்', 'அன்ஃபிட்' என்று எழுதுவதை விடுங்க. நாலு வரி எழுதுங்க. நான் இப்போ எழுதுவது இப்படி:

வகுப்பில் சேரலாம். இரண்டு கால்களிலும் விறைப்பு உண்டு; அறிவுத்திறன் இயல்பு.
செய்யலாம்: உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் ஆசனங்கள், சுவர் அல்லது நாற்காலி பிடித்து நிற்பது, மெதுவான மூச்சுப் பயிற்சி.
வேண்டாம்: கால்களைப் பிறர் அழுத்தி விரிப்பது, பிடிமானம் இல்லாமல் நிற்பது.
நிறுத்திவிட்டு என்னை அழைக்க: இடுப்பு வலி, புதிதாக நடையில் மாற்றம்.

கீழே போன் நம்பர். எழுத அஞ்சு நிமிஷம் ஆகுது. அந்த நிமிஷங்களை அந்தப் பிள்ளைக்கு நாம கடன்பட்டிருக்கோம்.

21/
பெற்றோருக்கு ரெண்டு வார்த்தை. வகுப்பைப் பார்க்கப் போகும்போது மாஸ்டர் எத்தனை பட்டம் வாங்கியிருக்கார்னு சுவரைப் பார்க்காதீங்க. ஹால் எத்தனாவது மாடி, டாய்லெட் எங்கே, கதவில் வீல்சேர் நுழையுமா என்று பாருங்க. மாஸ்டர் பேசும்போது யார் முகத்தைப் பார்த்துப் பேசுறார் என்று பாருங்க. உங்களைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா? பிள்ளையைப் பார்த்துப் பேசுறவரிடம் நம்பி விடலாம்.

நோயை மறைக்காதீங்க, முக்கியமா வலிப்பை. "சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க"ன்னு பயம் எனக்குப் புரியுது. ஆனா மறைச்சா ஆபத்து பிள்ளைக்குத்தான்.

22/
அந்தத் தங்கைக்கு என்ன ஆச்சு?

அன்று சாயங்காலமே மாஸ்டருக்கு போன் போட்டேன். "நான் யோசிக்காம எழுதிட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "நானும் பயந்துதான் மேடம் உங்ககிட்ட அனுப்பினேன். நீங்க சரின்னு எழுதியிருந்தாலும் எனக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்காது."

அந்தப் பிள்ளையின் பிசியோதெரபிஸ்ட்டும் மாஸ்டரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்தோம். பெரிய சிக்கல் ஆசனம் இல்லை, மாடிப்படி. வகுப்பு நடந்தது ஒரு சின்ன கல்யாண மண்டபத்தின் மாடியில். கீழே சாப்பாட்டுக் கூடம், முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மா கிடக்கும். மண்டப ஓனரிடம் கேட்டார். "இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு தயங்கினீங்க"ன்னு சாவியைக் குடுத்துட்டார். சின்னப் பிள்ளைகள் பேட்ச் கீழே வந்தது. செலவு: பெருக்கித் துடைக்கிற கூலி.

23/
அதிசயம் எதுவும் நடக்கவில்லை. காலில் விறைப்பு அப்படியே இருக்கு. வாக்கரும் இருக்கு. பிசியோ, ஸ்ப்ளின்ட் எல்லாம் தொடருது. இப்போ அவளுக்கு 13 வயசு. கீழே கூடத்தில் நடப்பதால் முட்டி வலிக்கிற ஒரு பாட்டியும் ஓரத்தில் நாற்காலி போட்டுச் சேர்ந்துகொண்டார் என்று கேள்வி.

போன மாதம் வந்தபோது கேட்டேன், "இப்பவும் செருப்பெல்லாம் யாரோடதுன்னு சொல்லுவியா?"

"இல்ல மேடம், இப்போ பாக்க நேரம் இல்ல" என்றாள்.

24/
முடிக்கிறேன். இந்த ஜூனில் உங்க ஊர் யோகா வகுப்பு வாசலைப் பாருங்க. யாராவது ஒரு பிள்ளை வெளியே உட்கார்ந்திருந்தால், உள்ளே போய் மாஸ்டரிடம் "இவ எப்படிச் செய்யலாம்?" என்று கேளுங்க. டாக்டர்கள் யாராவது படிச்சா, அடுத்த சர்டிபிகேட்டில் அந்த நாலு வரியை எழுதுங்க.

தெரிந்த யோகா மாஸ்டர், பி.டி. வாத்தியார், பெற்றோர் யாருக்காவது பயன்படும் என்றால் பகிருங்கள்.